துருவ ஆராய்ச்சியும் புகைக் கணக்கும்

வட துருவத்துக்குச் சமீபத்தில், நார்வே தேசத்தின் ஆளுகையிலிருக்கும் ஸ்வால்பார்டு என்னும் தீவுக் கூட்டத்தில், லாங்கியர்பியன் என்று ஓர் ஊர் உண்டு. நிலக்கரி வெட்டுவதற்காக 1906ம் வருஷத்தில் லாங்கியர் என்னும் அமெரிக்க முதலாளி ஏற்படுத்திய ஊர் அது. அவர் பெயரே ஊருக்கும் நிலைத்துவிட்டது. ஐப்பசி மாதத்தில் மறைகின்ற சூரியன் மாசி மாதம் வரையில் அங்கு தலை காட்டுவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் 1993ம் வருஷத்தில் நார்வேயின் நான்கு சர்வகலாசாலைகள் ஒன்று சேர்ந்து ஓர் உயர்தரக் கல்வி நிலையத்தை ஏற்படுத்தின. பனி எப்படி உண்டாகின்றது, எப்படி உருகுகின்றது, கடல் எப்படிச் சூடேறுகின்றது, அதனால் அங்குள்ள ஜீவராசிகள் என்ன கதி அடைகின்றன என்பவைகளை அந்த இடத்திலேயே நின்று கண்ணால் பார்த்துக் கற்க, பல தேசத்து மாணவர்கள் அங்கு போகின்றார்கள். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கின்றவர்களும் அவர்களில் உண்டு. பட்டம் கொடுப்பது அவரவர்களுடைய சொந்த சர்வகலாசாலை. பயிற்சி கொடுப்பது இந்த இடம்.

நல்ல காரியந்தான். ஆனால் அந்த மாணவர்கள் படித்த விளக்குக்கு மின்சாரமும், குளிருக்கு ஒதுங்கிய அறைக்கு உஷ்ணமும் எங்கிருந்து வந்தன தெரியுமா? 2023ம் வருஷம் அக்டோபர் மாதம் வரையில் அவை நிலக்கரியை எரித்தே வந்தன. அதன் பிறகுதான் கரி நின்று, அதற்குப் பதிலாக டீசல் எண்ணெய் வந்தது. நார்வேக்காரர்களின் கடைசிச் சுரங்கம் அங்கு 2025ல் மூடப்பட்டது. ஆகவே சுமார் 30 வருஷ காலம், பனி ஏன் உருகுகின்றது என்ற பாடம் பனியை உருக்கும் கரியின் வெளிச்சத்திலேயே நடந்து வந்திருக்கின்றது.

இதை நாம் பரிகாசத்துக்காக எழுதவில்லை. இருட்டிலும் உறை குளிரிலும் மனிதன் இருக்க வேண்டுமானால் நெருப்பு வேண்டும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் தங்கள் வீட்டு அடுப்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா என்பதுதான் நமது கேள்வி. அதிலும் விஞ்ஞானிகளைக் கேட்பதற்கு ஒரு விசேஷக் காரணம் இருக்கின்றது. மற்றவர்கள் தெரியாமல் செய்கின்றார்கள். இவர்களோ அளந்து தெரிந்துகொண்டு செய்கின்றார்கள்.

முதலில் டாக்டர் பட்டம் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறோம். இது மருந்து கொடுக்கும் டாக்டர் அல்ல. ஒரு மாணவர், ஓர் ஆசிரியரின் கீழ் மூன்று நான்கு வருஷ காலம் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு இதுவரையில் எவரும் சொல்லாத பதிலை ருஜுவோடு சொல்லி, அதை எழுதிக் கொடுத்து, பரீட்சகர்கள் முன் நின்று வாதாடிப் பெறுகின்ற பட்டம். ஆகவே அந்த மூன்று நான்கு வருஷங்களில் ஒருவர் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளும் விதமே அவருடைய ஆயுள் முழுவதும் நிற்கின்றது. பிற்காலத்தில் கப்பலுக்கு உத்தரவு போடுகின்றவர்களும், ஆராய்ச்சிப் பணத்தைப் பங்கிடுகின்றவர்களும் இந்த மாணவர்களிலிருந்தே வரப்போகின்றார்கள். திருத்த வேண்டுமானால் இங்கேதான் திருத்த வேண்டும்.

இனி புகைக் கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமிலவாயு உண்டாகின்றது. ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ எடைகூட இல்லையே, அதிலிருந்து 2.7 கிலோ எப்படி வரும் என்று சிலர் திகைக்கலாம். இதில் மாயமில்லை. எண்ணெயிலுள்ள கரி எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளுகின்றது. 12 பங்கு கரிக்கு 32 பங்கு பிராணவாயு சேர்ந்து 44 பங்கு கரியமிலவாயு ஆகின்றது. மறைந்துபோனதாக நாம் நினைக்கும் எண்ணெய், உண்மையில் மூன்று மடங்கு எடையாகப் பெருகி ஆகாயத்தில் உட்கார்ந்துகொள்ளுகின்றது.

துருவப் பிரதேசத்தில் இதோடு போவதில்லை. புகையோடு போகும் கரித்தூள் பனியின் மேல் படிகின்றது. வெயிலில் வெள்ளை வேஷ்டி எவ்வளவு சுடும், கறுப்புக் கம்பளி எவ்வளவு சுடும் என்பது நம் கிராமவாசிகளுக்குத் தெரியும். அதே கதிதான் கரி படிந்த பனிக்கும். சில்லி தேசத்து விஞ்ஞானி ரவுல் கோர்தெரோ என்பவரும் அவர் கூட்டத்தாரும் தென் துருவக் கண்டத்தில் பல இடங்களில் பனியை எடுத்துப் பரிசோதித்து, 2022ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அங்கு வேடிக்கை பார்க்கப் போகின்ற ஒவ்வொரு பிரயாணியாலும் சுமார் 83 டன் பனி அகாலத்தில் உருகுகின்றது என்பது அந்தக் கணக்கு. மாதக்கணக்காகத் தங்கி, வண்டியும் விமானமும் மின்சார யந்திரமும் ஓட்டுகின்ற ஆராய்ச்சிக்காரரின் பங்கு இன்னும் பெரிது.

விஞ்ஞானிகளுக்கு இது புதிய சங்கதி அல்ல. தென் துருவத்தின் நடுப் புள்ளியில் 1957 முதல் காற்றிலுள்ள கரியமிலவாயுவை அளந்து வருகின்றார்கள். அங்கு காற்று அடித்து வரும் திசையில் ஒரு பெரிய பரப்பைச் 'சுத்தக் காற்று வட்டாரம்' என்று ஒதுக்கி, வண்டி வாகனங்கள் அதில் நுழையக்கூடாது என்று கட்டளை செய்திருக்கின்றார்கள். ஏன்? தங்கள் புகை தங்கள் கருவிக்குள் புகுந்தால் கணக்குக் கெட்டுவிடும் என்பதற்காக. தங்கள் கருவிக்குக் காட்டுகின்ற இந்த மரியாதையை உலகத்தின் காற்றுக்கும் காட்டும்படி கேட்பது அநியாயமா?

ஆனால் இதற்குக் குறுக்கே நிற்பது ஒரு பழக்கம். காசிக்குப் போய் வந்தவனுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை இருந்ததுபோல, துருவத்துக்குப் போய் வந்தவருக்கு ஆராய்ச்சிக் கூட்டத்தில் ஒரு தனி மரியாதை இருக்கின்றது. தாடியில் பனி உறைந்து நிற்கும் படம் ஒன்று இல்லாவிட்டால் அவர் துருவ விஞ்ஞானியே அல்ல என்பதுபோல ஓர் எண்ணம். மாணவருடைய கேள்விக்குப் போவது அவசியமா என்று பார்ப்பதற்கு முன்பே பிரயாணம் நிச்சயமாகிவிடுகின்றது. பிறகு பிரயாணத்துக்குத் தகுந்த கேள்வி தேடப்படுகின்றது. கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுவிட்டு மாப்பிள்ளை தேடுவது போன்றதே இது.

போகாமல் ஆராய்ச்சி எப்படி நடக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லுகிறோம். நான்சென் என்னும் நார்வேக்காரர் 1888ல் டாக்டர் பட்டத்துக்கான பரீட்சையை முடித்து, சில தினங்களிலேயே கிரீன்லாந்துப் பனியைக் கடக்கப் புறப்பட்டவர். அவர் 1893ல் பிராம் என்னும் மரக்கப்பலை வட துருவக் கடல் பனியில் வேண்டுமென்றே சிக்க வைத்தார். பனி எங்கே நகருகின்றதோ அங்கே கப்பலும் நகர்ந்து, 1896ல் விடுபட்டது. அந்தக் கப்பலின் மேல்தட்டில் ஒரு காற்றாடி யந்திரம் இருந்தது. அது சுற்றி உண்டாக்கிய மின்சாரத்தில்தான் அந்த நீண்ட இரவில் விளக்கு எரித்தார்கள். காற்றாலை நேற்று வந்த நாகரிகம் என்று எண்ணுகின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் பிரயாணத்தில் நான்சென் ஒன்றைக் கண்டு குறித்துக்கொண்டார். காற்று அடிக்கும் திசையிலேயே பனி போகவில்லை. அதற்கு 20 முதல் 40 பாகை வரையில் வலது பக்கம் விலகிப் போயிற்று. இதன் காரணத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவர் யார்? எக்மான் என்னும் ஸ்வீடன் தேசத்து மாணவர். அவர் பிராம் கப்பலில் காலே வைக்கவில்லை. நான்சென் கொண்டுவந்த குறிப்பை வைத்துக்கொண்டு, பூமி சுழலுவதால் கடல் நீரின் ஒவ்வோர் அடுக்கும் மேலடுக்கைவிடச் சிறிது விலகி நகருகின்றது என்று நிரூபித்து, 1902ல் உப்சாலா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். கரையோரத்தில் அடிக்கடல் நீர் மேலே வந்து மீன் பெருகுவதற்குக்கூட இன்று அவர் கணக்கை வைத்தே காரணம் சொல்லுகின்றார்கள். ஒரு கப்பல் போய் வந்தது. அதன் குறிப்புகளிலிருந்து வீட்டிலிருந்தபடியே ஒரு மாணவர் கடல் சாஸ்திரத்தின் அஸ்திவாரத்தில் ஒரு கல்லை வைத்தார். ஆளுக்கு ஒரு கப்பல் வேண்டுமென்று அவர் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அப்படியானால் யாருமே போகக்கூடாது என்பது நமது அபிப்பிராயமா என்றால், இல்லை. தென் துருவக் கண்டத்தில் ஹாலி என்னும் பிரிட்டிஷ் நிலையத்தில் வருஷா வருஷம் ஆட்கள் தங்கி, ஆகாயத்திலுள்ள ஓசோன் வாயுவை விடாமல் அளந்து வந்தார்கள். அதிலிருந்து பார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்னும் மூவர் 1985ல் ஓசோன் படலம் மெலிந்து வருவதைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார்கள். இரண்டே வருஷத்தில், 1987ல், மான்ட்ரியல் உடன்படிக்கை ஏற்பட்டது. அங்கு ஆள் இல்லாதிருந்தால் அந்த ஆபத்து இன்னும் எத்தனை வருஷம் மறைந்திருக்குமோ! அதுபோலவே 2025ம் வருஷத் துவக்கத்தில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் தென் துருவப் பனியில் 2800 மீட்டர் ஆழம் துளைத்து, 12 லட்சம் வருஷத்துக்கு மேற்பட்ட பழைய பனிக்கட்டியை எடுத்திருக்கின்றார்கள். அந்தக் கட்டிகளுக்குள் அடைபட்டிருக்கும் காற்றுக் குமிழிகளே அந்தக் காலத்துக் காற்று. இதை வீட்டிலிருந்துகொண்டு எடுக்க முடியுமா? முடியாது. போகத்தான் வேண்டும். ஆனால் எடுத்து வந்த பனிக்கட்டியைப் பல தேசத்து மாணவர்கள் பல வருஷம் பங்கிட்டுக்கொண்டு ஆராயலாம்.

அந்த ஹாலி நிலையத்திலேயே இப்பொழுது நடப்பதைப் பாருங்கள். நிலையம் நிற்கும் பனிப்பாறையில் பெரிய வெடிப்பு ஏற்பட்டதால், 2017 முதல் குளிர்காலத்தில் அங்கு மனிதர் தங்குவதில்லை. அதனால் அளவெடுப்பு நின்றுவிட்டதா? இல்லை. ஒரு சிறு மின்சார யந்திரம் தானே ஓட, கருவிகள் தாமே அளந்து, செய்தியை அனுப்பி வருகின்றன. ஆபத்து வந்த பிறகு செய்தது, ஆபத்தில்லாத இடத்திலும் முடியாதா? தென் கடலில் யானைச் சீல் என்னும் பிராணிகளின் தலையில் சிறு கருவியை ஒட்டி அனுப்புகின்றார்கள். அது பனிக்கடியில் முழுகிப் போகும்போது நீரின் உஷ்ணத்தையும் உப்பையும் அளந்துகொண்டு வருகின்றது. கப்பல் நுழைய முடியாத இடத்துச் செய்தியெல்லாம் ஒரு சொட்டு எண்ணெய் செலவில்லாமல் கிடைக்கின்றது.

நம்மவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கின்றது. அதே ஸ்வால்பார்டில், லாங்கியர்பியனுக்கும் வடக்கே, நியூ ஓலசுண்டு என்று ஒரு சிற்றூர் உண்டு. அதுவும் கரி வெட்டிய இடந்தான். 1962ல் சுரங்கம் வெடித்து 21 தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்தப் பழி 1963ல் நார்வேயின் மந்திரி சபையையே கவிழ்த்தது. அதன் பின் கரி வெட்டுவது நின்று, ஊர் ஆராய்ச்சி நிலையமாக மாறிற்று. சுரங்கம் நடத்திய அதே கம்பெனிதான் இன்று ஆராய்ச்சிக்காரர்களுக்கு வீடும் சாப்பாடும் கொடுக்கின்றது. அங்கு 2008 முதல் ஹிமாத்ரி என்னும் இந்திய நிலையம் இருக்கின்றது. 2014ல் அந்த ஊர்க் கடலில் சுமார் 190 மீட்டர் ஆழத்தில் இந்தியர்கள் ஒரு கருவித் தொடரை நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். அதை உருவாக்கியதில் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு முறை இறக்கிவிட்டால், இருட்டுக் காலத்திலும் அது நீரை அளந்துகொண்டே இருக்கும். அந்த அளவுகளை வைத்துக்கொண்டு பள்ளிக்கரணையிலிருந்தபடியே ஒரு பெண் டாக்டர் பட்டம் வாங்கினால், அவர் துருவ விஞ்ஞானி அல்ல என்று சொல்ல யாருக்கு யோக்கியதை இருக்கின்றது?

பெண் என்று நாம் காரணமாகவே சொன்னோம். தென் துருவக் கண்டத்துக்குப் பெண்களைக் கூட்டிப்போக முடியாது என்று அமெரிக்கக் கடற்படை வெகு காலம் பிடிவாதம் செய்து, 1969ல்தான் விட்டுக்கொடுத்தது. அந்த வருஷந்தான் லோயிஸ் ஜோன்ஸ் என்னும் அம்மையாரின் பெண்கள் கூட்டம் அங்கு ஆராய்ச்சிக்குப் போயிற்று. சட்டத்தால் வைத்த தடை போய்விட்டது. ஆனால் கைக்குழந்தை உள்ளவர், கால் ஊனமானவர், நோயாளிப் பெற்றோரை விட்டு ஆறு மாதம் பிரிய முடியாதவர், பிரயாணச் சீட்டுக்கு அனுமதி கிடைக்காத தேசத்தவர் ஆகிய இவர்களுக்கெல்லாம் 'போய் வந்தால்தான் யோக்கியதை' என்ற பழக்கம் இன்றும் கதவை அடைத்தே வைத்திருக்கின்றது. புகையைக் குறைக்கும் பயிற்சி இந்தக் கதவையும் திறக்கும் என்பதால்தான் நாம் இதில் இவ்வளவு அக்கறை காட்டுகிறோம்.

இன்னொரு கூட்டத்தாரும் இருக்கின்றார்கள். வட துருவப் பிரதேசம் யாருமற்ற பாழ்வெளி அல்ல. கனடாவின் வட கோடியில் இன்யூட் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றார்கள். வெளியூர் மாணவர்கள் விமானத்தில் வந்திறங்கி, இரண்டு வாரம் அளந்து, பட்டம் வாங்கிக்கொண்டு போவதும், அந்த மக்களுக்கு அதன் முடிவுகூடச் சொல்லப்படாததும் வெகு காலம் நடந்தன. அவர்களுடைய தேசிய அமைப்பு 2018ல், எங்கள் பூமியில் நடக்கும் ஆராய்ச்சியில் தீர்மானம் செய்யும் அதிகாரம் எங்களுக்கு வேண்டும் என்று திட்டமே வெளியிட்டது. அங்கு ஸ்மார்ட் ஐஸ் என்னும் ஏற்பாட்டில், கடல் பனியின் கனத்தை அளக்கும் கருவியைச் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துப் போய், உள்ளூர் மக்களே அளக்கின்றார்கள். அவர்களுக்கு அது ஆராய்ச்சி மட்டுமல்ல. வேட்டைக்குப் போகும் வழியில் பனி உடைந்து முழுகாமல் இருப்பதற்கான வழி. அளக்கத் தெரிந்தவர் ஊரிலேயே இருக்கும்போது ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து ஆள் பறந்து வருவதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

இதற்கு மாற்றாகச் சிலர் ஒரு சுலப வழி சொல்லுகின்றார்கள். போகிறபடி போவது, எரிக்கிறபடி எரிப்பது, பிறகு எங்கேயோ மரம் நடுவதற்குப் பணம் கட்டிவிட்டுக் கணக்குச் சரியாகிவிட்டது என்று எழுதிக்கொள்ளுவது. பாவத்தைச் செய்துவிட்டுப் பரிகாரத்துக்குத் தட்சணை வைக்கிற இந்தத் தந்திரம் நம் ஜனங்களுக்குத் தெரியாததல்ல. மரம் நடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இன்று எரிந்த எண்ணெயின் புகை இன்றே ஆகாயத்தில் இருக்கின்றது. நட்ட மரம் பிழைத்து, வளர்ந்து, வெட்டுப்படாமல் நின்றால்தான் மறுபக்கத்து வரவு. பிழைக்குமோ பிழைக்காதோ என்ற வரவை நிச்சயமான செலவுக்கு நேராக எழுதுகின்ற கணக்குப்பிள்ளையை எந்த மளிகைக் கடைக்காரரும் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டார்.

உலகத்துப் புகையில் துருவ ஆராய்ச்சியின் புகை கடலில் ஒரு துளிதானே என்று சொல்லுவார்களேயானால், மொத்தத்தில் துளிதான், ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் ஆள் ஒன்றுக்குப் பார்த்தால் துளி அல்ல. அதுவும் மிகச் சீக்கிரம் கெடக்கூடிய இடத்தில் விழுகின்ற துளி. வட துருவப் பிரதேசம் 1979 முதல் உலக சராசரியைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறி வருகின்றது என்று 2022ல் கணக்கிட்டிருக்கின்றார்கள். மேலும், முடியும் என்பதற்கு ருஜுவும் இருக்கின்றது. பெல்ஜியம் தேசத்தார் 2009ல் தென் துருவக் கண்டத்தில் திறந்த இளவரசி எலிசபெத் நிலையம், ஒன்பது காற்றாடிகளாலும் சூரிய ஒளித் தகடுகளாலும் நடக்கும்படியாகவே கட்டப்பட்டது. பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆராய்ச்சி நிலையத்தார் 2040க்குள் தங்கள் புகைக் கணக்கை நிகரப் பூஜ்யமாக்குவதாக வாக்குக் கொடுத்திருக்கின்றார்கள். கொடுத்த வாக்கைப் பதினைந்து வருஷத்துக்குள் நிறைவேற்ற வேண்டியவர்கள் இன்று படிக்கும் மாணவர்களே அல்லவா?

லாங்கியர்பியன் கல்வி நிலையத்தில் புதிதாக வந்து சேரும் மாணவர் எவரானாலும் முதலில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ள வேண்டும். வெள்ளைக் கரடி வந்தால் தப்பிப்பதற்காக அந்த ஏற்பாடு. கரடிக்காக ஒரு பாடத்தைக் கட்டாயமாக்க முடிந்தவர்களுக்குப் புகைக்காக ஒரு பாடத்தைக் கட்டாயமாக்க முடியாதா? எங்கும் துருவ ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டம் கொடுக்கும் சர்வகலாசாலைகள், இந்தக் கேள்விக்கு வேண்டிய அளவு ஏற்கனவே யாரிடமாவது இருக்கின்றதா, இல்லாவிட்டால் அங்கிருப்பவரோ கருவியோ எடுத்துக் கொடுக்க முடியுமா, அதுவும் முடியாவிட்டால் ஒரே பிரயாணத்தில் எத்தனை பேர் வேலையை முடிக்கலாம் என்று மாணவர் எழுதிக் காட்டிய பிறகே பிரயாணத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டும். பட்டத்துக்கு எழுதும் புத்தகத்தில் உதவி செய்தவர்களுக்கு நன்றி கூற ஒரு பக்கம் இருக்கின்றது. அதற்குப் பக்கத்தில், இந்த ஆராய்ச்சிக்கு எரிந்த எண்ணெய் இத்தனை லிட்டர், கணித யந்திரத்துக்குச் செலவான மின்சாரம் இவ்வளவு என்று ஒரு பக்கம் இருக்கட்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சிக்கனம் என்று வந்தால் பண்ணையார் முதலில் கூலியாளின் கூழைத்தான் குறைப்பார். அதுபோல, புகையைக் குறைக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததும் முதல் வருஷ மாணவரின் ஒரே பிரயாணத்தை வெட்டிவிட்டு, இருபது முறை போய் வந்த பேராசிரியர் இருபத்தோராவது முறை போவாரேயானால் அந்தச் சீர்திருத்தம் நமக்கு வேண்டாம். மகாநாடுகளுக்கு வருஷத்துக்கு நாலு தரம் பறப்பதும் அவர்களே. ஆதலால் வெட்டு மேலிருந்து துவங்க வேண்டும். பழைய ஆசிரியர்கள் தாங்கள் வாங்கி வைத்திருக்கும் அளவுகளையும் பனிக்கட்டிகளையும் பெட்டியில் பூட்டி வைக்காமல் மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். கப்பலில் ஓர் இடம் காலியாக இருந்தால், அது இதுவரையில் ஒரு தரமும் பனியைப் பார்க்காத மாணவருக்கு முதலில் கிடைக்க வேண்டும்.